சேலத்தில் குறைந்த 3.67 லட்சம் பேர்: பழைய மக்கள்தொகைக் கணக்கைப் படிப்பது எப்படி?

2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படை நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் எல்லாருடைய சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. அன்றிலிருந்து, எல்லாச் சாதிகளுக்கும் கடைசியாக எண் வெளியான 1931ஆம் ஆண்டு அட்டவணைகள் சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன. 'அன்றைக்கு இத்தனை விழுக்காடு, அப்படியானால் இன்றைக்கு இத்தனை கோடி' என்று பெருக்கிக் காட்டுகிறார்கள். பெருக்கலில் தப்பு இருக்காது. கையில் எடுத்த எண் எந்தக் கேள்விக்கு, எந்த எல்லைக்குள், எந்த நாளில் கிடைத்த பதில் என்று பார்க்காமல் பெருக்குவதுதான் தப்பு. மக்கள், குடும்பம், வேலை ஆகிய மூன்றின் வரலாற்றையும் இந்தக் கணக்குகளிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முறை வேறு.

எண்ணியது யார், எப்போது?

சென்னை மாகாணத்தில் தலைக்கணக்கு 1871க்கு முன்பே உண்டு. தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1822இல் ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. 1851–52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவாய்த் துறை கிராமக் கணக்குப்பிள்ளைகள் வழியாகத் தொகை கேட்டு வாங்கியது. இவை வரி வசூலுக்காக எழுதிய கணக்குகள். உத்தேச அளவுக்கு மேல் நம்ப முடியாது.

1871–72இல் நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் எல்லா மாகாணங்களிலும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒரே நேரத்தில் எண்ணும் முறை 1881 பிப்ரவரி 17 அன்று தொடங்கியது. 1891 பிப்ரவரி 26, 1901 மார்ச் 1, 1911 மார்ச் 10, 1921 மார்ச் 18, 1931 பிப்ரவரி 26 என்று அது தொடர்ந்தது.

இந்தக் காலத்தில் 'ஓர் இரவுக் கணக்கு' முறைதான். சில வாரங்களுக்கு முன்பே கதவுக்குக் கதவு எண் போட்டு, வீட்டில் இருப்போரை எழுதி வைத்துவிடுவார்கள். குறித்த இரவில் கணக்கெடுப்பாளர் மறுபடி போய், இறந்தவரையும் ஊரில் இல்லாதவரையும் அடித்துவிட்டு, பிறந்த குழந்தையையும் வந்திருக்கும் விருந்தாளியையும் சேர்ப்பார். நிலா வெளிச்சம் இருக்கும் இரவாக, பெரிய திருவிழாவும் கல்யாண முகூர்த்தமும் இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி வைத்தார்கள். அந்த இரவில் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணப்பட்டார். ரயிலில் இருந்தால் ரயிலில், சத்திரத்தில் இருந்தால் சத்திரத்தில்.

1941இல் ஓர் இரவு முறை கைவிடப்பட்டது. 1951 முதல் சுமார் மூன்று வாரம் எண்ணி, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் சேர்க்கிறார்கள். ஆகவே 1931 வரையிலான எண் 'அன்றிரவு ஊரில் இருந்தவர்கள்', 1951 முதலான எண் 'ஊர்க்காரர்கள்'. கோயில் நகரம், துறைமுகம், அறுவடைக்குக் கூலியாட்கள் வந்து போகும் ஊர் ஆகியவற்றில் இந்த வேறுபாடு பெரிது.

தாத்தாவின் பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. வீடு வீடாக எழுதிய தாள்களிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி, அந்தச் சீட்டுகளைப் பிரித்து எண்ணும் முறை 1901இல் வந்தது. மதத்துக்கு ஒரு நிறத் தாள், ஆண்–பெண், மணமானவர்–ஆகாதவர் என்பதற்குத் தனித்தனிக் குறி. எண்ணி முடித்து அட்டவணை அச்சேறியதும் தாள்களும் சீட்டுகளும் அழிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிடவோ நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவோ முடியாது என்கிறது.

பிரிட்டனில் 100 ஆண்டு கழித்துத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. அமெரிக்காவில் 72 ஆண்டு; 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன. அங்கே ஒரு தெருவில் யார் வீட்டில் யார் இருந்தார், என்ன வேலை செய்தார் என்று பெயரோடு படிக்கலாம். அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். நமக்கு மிஞ்சியவை அச்சான அட்டவணைகளும், கணக்கெடுப்புக் கண்காணிப்பாளர்கள் எழுதிய அறிக்கைகளும்தான்.

பெயர் வேண்டுமென்றால் வேறு ஆவணங்களைத் தேட வேண்டும்: தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, நிலவரித் திட்டப் பதிவேடு, ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கு ஆள்வாரிப் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் அதில் உண்டு. ஊரில் தங்கிவிட்ட அண்ணனுக்குப் பதிவில்லை, கப்பலேறிய தம்பிக்கு உண்டு.

எல்லையைச் சரிபார்க்காமல் எண்ணைத் தொடக் கூடாது

'சென்னை மாகாணம்' தமிழ்நாடு அல்ல. கஞ்சம் வரையிலான தெலுங்கு மாவட்டங்களும், மலபாரும், தென் கன்னடமும் அதில் அடக்கம். தமிழ்ப் பகுதிக்கு மட்டும் தொடர் எண் தயாரிக்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

1. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூரை (1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சியை) சேர்ந்தவை. அவற்றின் எண் திருவிதாங்கூர்க் கணக்கெடுப்பு நூல் தொகுதியில் இருக்கும். அங்கே முதல் கணக்கெடுப்பு 1875இல் நடந்ததால், 1871க்கு நேரான எண்ணே கிடையாது.
2. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். 1974இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.
3. ராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைக் கொண்டு உருவானது. 1901இன் மதுரையும் 1911இன் மதுரையும் வெவ்வேறு பரப்பு.
4. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. திருத்தணி 1960இல் திரும்பி வந்தது.
5. கொள்ளேகால் கோவை மாவட்டத்தில் இருந்து 1956இல் மைசூருக்குப் போனது.
6. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், ஈரோடு 1979இல் கோவையிலிருந்தும் பிரிந்தன. 2011 கணக்கில் 32 மாவட்டங்கள், இப்போது 38.

மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகாவை அடிப்படையாக எடுத்துக் கூட்டினால் பெரும்பாலான சிக்கல் தீரும். தாலுகாக்களும் மாறும், ஆனால் மெதுவாக. மாநில அளவில் இன்றைய எல்லைக்குத் திருத்திய தொடர் எண்ணைக் கணக்கெடுப்புத் துறையே வெளியிட்டிருக்கிறது: 1901இல் 1.93 கோடி, 1951இல் 3.01 கோடி, 2011இல் 7.21 கோடி.

சேலமும் தஞ்சாவூரும்

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும் என்பதற்கு இரண்டு மாவட்டங்கள்:

- சேலம்: 1871இல் 19,66,995; 1881இல் 15,99,595; 1891இல் 19,62,591.
- தஞ்சாவூர்: 1871இல் 19,73,731, 1881இல் 21,30,383, 1891இல் 22,28,114, 1901இல் 22,45,029.

1871இல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பத்தாண்டில் சேலம் 18.7 விழுக்காடு சுருங்குகிறது, தஞ்சாவூர் 7.9 விழுக்காடு வளர்கிறது. நடுவே நிகழ்ந்தது 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம். சேலம் மானாவாரிச் சீமை, தஞ்சாவூருக்குக் காவிரி.

குறைந்த 3,67,400 பேரும் இறந்தவர்கள் என்று எழுதிவிடக் கூடாது. அந்த எண்ணில் மூன்று பங்கு உண்டு. பட்டினியிலும் காலராவிலும் இறந்தவர்கள். பிழைப்பு தேடி வெளியேறியவர்கள். பஞ்ச ஆண்டுகளில் பிறக்காமலே போன குழந்தைகள். அதோடு, 1871க்கும் பஞ்சம் தொடங்கிய 1876க்கும் இடையே மக்கள்தொகை கூடியிருக்கும். கழிக்க வேண்டியது அந்த உயர்ந்த எண்ணிலிருந்து. ஆகவே உண்மையான இழப்பு அட்டவணைக் கழித்தலைவிட அதிகம்.

1881இலிருந்து 1891க்குள் சேலம் 22.7 விழுக்காடு 'வளர்ந்தது'. அதைச் செழிப்பு என்று படித்தால் பஞ்சத்தையே மறந்ததாகும். வெளியேறியவர்கள் திரும்பினார்கள், நின்றுபோன பிறப்புகள் மீண்டன. இருபது ஆண்டு முடிவில் மாவட்டம் தொடங்கிய இடத்துக்கே வரவில்லை.

தஞ்சாவூரின் கடைசி எண்ணையும் பாருங்கள். 1891–1901இல் வளர்ச்சி ஒரு விழுக்காடுகூட இல்லை. பெரும் பஞ்சச் சாவுகள் இல்லாத மாவட்டத்தில் இப்படி நின்றுபோனால், முதலில் நாகப்பட்டினத்துக் கப்பல்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்: பர்மா, இலங்கை, மலாயா. சரிபார்க்க ஆண்–பெண் விகிதத்தைப் பார்க்கலாம். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901இல் 1,000 ஆண்களுக்கு 1,044 பெண்கள் இருந்தார்கள். 1951இல் 1,007, 1991இல் 974. அன்றைய உபரிக்கு ஆண்கள் கடல் கடந்திருந்தது ஒரு காரணம். பெண்களின் நிலை அன்று மேலாக இருந்தது என்பதற்கு இந்த எண்ணை மட்டும் சான்றாகக் காட்டுவது அவசரம்.

வயது: முப்பது, முப்பத்தைந்து, நாற்பது

பிறந்த தேதி தெரியாதவரிடம் வயது கேட்டால் 'நாப்பது இருக்கும்' என்பார். கணக்கெடுப்பாளரும் பார்த்த மாத்திரத்தில் ஒரு வயது போடுவார். அதனால் 0, 5 என்று முடியும் வயதுகளில் ஆட்கள் குவிவார்கள். 29, 31, 41 காலியாக இருக்கும். குவிப்பை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது:

1. ஒற்றை வயது வாரியான அட்டவணையில் 23 முதல் 62 வரையிலானவர்களின் மொத்தத்தை எடுக்கவும்.
2. அதில் 0, 5 என்று முடியும் வயதுக்காரர்களை மட்டும் (25, 30, 35 … 60) கூட்டவும்.
3. இரண்டாவதை 5ஆல் பெருக்கி, முதலாவதால் வகுத்து, 100ஆல் பெருக்கவும்.

10,000 பேரில் 4,000 பேர் அப்படிப்பட்ட வயது சொல்லியிருந்தால் குறியீடு 200. குவிப்பே இல்லையென்றால் 100, எல்லாரும் அப்படியே சொன்னால் 500. ஐ.நா. அளவுகோலில் 175க்கு மேல் என்றால் வயது விவரம் மிக மோசம்.

மோசமான விவரத்தையும் பயன்படுத்தலாம். ஒற்றை வயதைத் தொடாமல் தொகுதியாக எடுத்தால் போதும். ஆனால் 1931ஐ மட்டும் தனியாகக் கவனியுங்கள். மற்ற ஆண்டுகளில் முடிந்த வயது கேட்டார்கள்; 1931இல் கிட்டத்துப் பிறந்தநாள் வயது, அதாவது கடந்ததோ வரப்போவதோ எது அருகில் இருக்கிறதோ அந்தப் பிறந்தநாளின் வயது. பிறகு குவிப்பைச் சரிக்கட்ட மூன்றாண்டு, ஏழாண்டுத் தொகுதிகளாக மாற்றி மாற்றிப் பிரித்து மெருகேற்றினார்கள். அந்த வயது வளைவின் வழவழப்பு மக்களிடம் இருந்ததல்ல, அலுவலகத்தில் வந்தது.

குடும்பம்: கூரையா, அடுப்பா?

'வீடு' என்பதற்கு ஆரம்பக் கணக்குகளில் மாகாணத்துக்கு மாகாணம் விளக்கம் மாறியது. ஓரிடத்தில் தனி வாசல் கொண்ட கட்டடம், இன்னோரிடத்தில் ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் கூட்டம். இப்போதைய விதி தெளிவு: சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குள் அண்ணன் தம்பி அடுப்பு பிரிந்தால் இரண்டு குடும்பம்.

1911இல் இந்தியாவில் வீட்டுக்குச் சராசரி ஐந்து பேருக்குச் சற்றுக் குறைவு. 2011இலும் குடும்பத்துக்குச் சராசரி ஐந்து பேருக்குச் சற்றுக் குறைவுதான். நூறு ஆண்டில் குடும்பம் மாறவேயில்லை என்று பொருளா? அன்றைக்குப் பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் 25 ஆண்டைத் தொடவில்லை. நிறையப் பிறந்தார்கள், நிறைய இறந்தார்கள், பேரனைப் பார்க்கும் வரை இருந்த தாத்தாக்கள் குறைவு. இன்றைக்குக் குறைவாகப் பிறக்கிறார்கள், பெற்றோர் நெடுநாள் இருக்கிறார்கள். இரண்டு வேறு கணக்கு, ஒரே விடை. இருபது பேர் ஒரே பந்தியில் உட்காரும் கூட்டுக் குடும்பம்தான் அக்கால வழக்கம் என்ற நினைப்புக்கு இந்த எண்கள் ஆதரவு தரவில்லை. தமிழ்நாட்டில் 2011இல் சராசரி 3.9.

சராசரியைவிட வயதோடு சேர்ந்த மணநிலை அட்டவணை அதிகம் பேசும். இளம் விதவைகள் எந்த வயதில் எத்தனை, ஆண்களில் மணமாகாதோர் எத்தனை எல்லாம் மாவட்ட வாரியாகக் கிடைக்கும். அதிலும் ஒரு கண்ணி: குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், அதாவது சாரதா சட்டம், 1930 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடி ஓடி நடத்திய கல்யாணங்களால் 1931இல் மணமான சிறுமிகளின் எண்ணிக்கை கூடித் தெரிகிறது.

வேலை: கேள்வி மாறினால் ஆள் மறைவார்

மிக அதிகம் தவறாகப் படிக்கப்படுவது தொழில் அட்டவணைதான். கேள்வி மாறிய வரிசை இது:

1. 1881: தொழில் என்ன?
2. 1891: பிழைப்பு எதை நம்பி? சம்பாதிப்பவரோடு அவரை நம்பியிருப்பவரும் அதே தொழிலில் சேர்க்கப்பட்டார். கொல்லர் வீட்டுக் கைக்குழந்தையும் கொல்லர் கணக்கில்.
3. 1901: உழைப்பவர் தனி, நம்பியிருப்பவர் தனி.
4. 1931: சம்பாதிப்பவர், உழைக்கும் சார்ந்தோர், உழைக்காத சார்ந்தோர்.
5. 1951: தன் வருமானத்தில் வாழ்பவர், கொஞ்சம் சம்பாதிக்கும் சார்ந்தோர், சம்பாதிக்காத சார்ந்தோர்.
6. 1961: வருமானத்தை விட்டு வேலைக்கு வந்தார்கள். பருவ வேலையில் பெரும்பகுதி நாட்களில் தினம் ஒரு மணி நேரம் உழைத்தாலும் தொழிலாளி.
7. 1971: உங்கள் முதன்மையான வேலை என்ன?
8. 1981 முதல்: கடந்த ஓராண்டில் வேலை செய்தீர்களா? 183 நாளோ அதற்கு மேலோ என்றால் முழுத் தொழிலாளி, குறைந்தால் குறுந்தொழிலாளி.

இந்திய அளவில் 1961இல் பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் தொழிலாளர். 1971இல் அது சுமார் 12. பத்தாண்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் களையெடுப்பதையும் நாற்று நடுவதையும் விட்டுவிடவில்லை. 'முதன்மையான வேலை' என்று கேட்டதும் வீட்டு வேலை என்று பதில் வந்தது, பெரும்பாலும் வீட்டு ஆண் சொன்ன பதில். கேள்வியைத் திருத்திய 1981இல் 19.7, கூலியில்லாக் குடும்ப உழைப்பும் சேரும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்ட 1991இல் 22.3. நெசவாளர் வீட்டில் தார் சுற்றும், பாவு பிடிக்கும் பெண் எந்த ஆண்டில் தொழிலாளி, எந்த ஆண்டில் இல்லை என்பது தறியைப் பொறுத்ததல்ல, படிவத்தைப் பொறுத்தது.

ஆண்களின் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது: 'கூலி' என்று மட்டும் எழுதிய பெட்டி. என்ன கூலி என்று கணக்கெடுப்பாளர் கேட்காவிட்டால் வயல் கூலியும் இதில் போய்விடும். ஒரு கணக்கில் இந்தப் பெட்டி பெருத்து அடுத்ததில் சிறுத்தால், விவசாயத் தொழிலாளர் திடீரென்று பெருகியதாகத் தெரியும். குயவர், செக்கார் போன்றோர் தாமே செய்து தாமே விற்பவர்கள். ஓராண்டில் உற்பத்தியில், அடுத்ததில் வணிகத்தில் எழுதப்படுவார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் கைத்தொழில் அழிந்ததற்கு இந்த அட்டவணைகளைச் சான்றாகக் காட்டுவது வழக்கமாக இருந்தது. பொருளாதார வரலாற்றாய்வாளர் டேனியல் தார்னர் ஆண்களை மட்டும் எடுத்து, விவசாயத்தோடு பொதுக் கூலியையும், உற்பத்தியோடு வணிகத்தையும் கூட்டிப் பார்த்தார். 1881க்கும் 1931க்கும் இடையே பெரிய மாற்றம் தெரியவில்லை. கைத்தொழில் அழியவில்லை என்று இதற்குப் பொருளில்லை. 1881க்கு முன்பே அழிந்ததை இந்த அட்டவணைகளால் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

1931 சாதி அட்டவணை எதைச் சொல்லும்?

எல்லாச் சாதிகளுக்கும் அட்டவணை வெளியான கடைசிக் கணக்கு அது. 1941இல் கேட்டார்கள், போர்க்காலச் சிக்கனத்தில் முழு அட்டவணை வரவில்லை. 1951 முதல் பட்டியல் சாதி, பழங்குடி மட்டும். 2011இல் தனியாக நடந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி எண்கள் வெளியாகவில்லை.

1931ஐப் பயன்படுத்துவோர் முதலில் பார்க்க வேண்டியது பெயர்களை. 1921இல் 'நாடார்' என்ற பெயரையும், 1922இல் 'ஆதி திராவிடர்' என்ற பெயரையும் சென்னை அரசு ஏற்றது. 1931இல் ஒரே சமூகத்தில் சிலர் பழைய பெயரையும் சிலர் புதிய பெயரையும் சொன்னார்கள். பழைய பெயரின் வரியை மட்டும் 1911இலிருந்து பின்தொடர்ந்தால் மக்கள் குறைந்ததாகத் தெரியும்; இரண்டையும் கூட்டினால் அந்தக் குறைவு பெயர் மாற்றத்தால் வந்தது என்பது புரியும். அடுத்து எல்லை: மாகாண விழுக்காட்டைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. தமிழ் மாவட்டங்களைத் தனியே கூட்டி, கன்னியாகுமரிப் பகுதிக்குத் திருவிதாங்கூர்த் தொகுதியைச் சேர்க்க வேண்டும்.

இலங்கையிலும் இதே கதை. 1911 முதல் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று தனித்தனியே எண்ணுகிறார்கள். இந்தியத் தமிழர் 1971இல் 11.7 லட்சம், 1981இல் 8.2 லட்சம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா வந்தவர்கள் ஒரு பங்கு, கணக்கெடுப்பில் தங்களை இலங்கைத் தமிழர் என்று சொன்னவர்கள் இன்னொரு பங்கு.

ஒரு தாலுகாவை எடுத்துச் செய்து பார்க்க

1. பழைய தொகுதிகளின் நகல்கள் இந்தியப் பதிவாளர் தலைமை அலுவலக இணைய நூலகத்தில் உள்ளன. அச்சுப் படிகளைச் சென்னையில் கன்னிமாரா நூலகத்தில் தேடலாம். கிராம வாரி எண்ணுக்கு 1951 முதல் வரும் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளே வசதி.
2. அறிக்கையை முதலில் படியுங்கள், அட்டவணையைப் பிறகு. விதிகளும் கேள்வி வாசகமும் அறிக்கையில் இருக்கும்.
3. 1901, 1911 தொகுதிகளில் 7ஆம் அட்டவணை வயதும் மணநிலையும், 11 பிறந்த இடம், 13 சாதி, 15 தொழில். 1931இல் வரிசை மாறிவிட்டது: 6 பிறந்த இடம், 10 தொழில், 17 சாதி.
4. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு, எல்லை, கேள்வி, தற்காலிக எண்ணா இறுதி எண்ணா என்ற நான்கையும் எழுதுங்கள்.
5. நகலிலிருந்து தட்டெழுதும்போது 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் குழப்பம் வரும். ஆண், பெண் கூட்டி மொத்தம் வருகிறதா, தாலுகாக்கள் கூட்டி மாவட்டம் வருகிறதா என்று இரு வழியிலும் சரிபாருங்கள்.
6. பரப்பளவு பழைய தொகுதிகளில் சதுர மைல். அடர்த்தி கணக்கிடும் முன் 2.59ஆல் பெருக்கிச் சதுர கிலோமீட்டர் ஆக்குங்கள்.
7. நகர்ப்புறம் என்ற சொல்லைத் தனியாகச் சோதியுங்கள். தமிழ்நாட்டில் நகர மக்கள் 1991இல் 34.2 விழுக்காடு, 2001இல் 44. அதே பத்தாண்டில் கணக்கில் வந்த நகரங்கள் 469இலிருந்து 832 ஆயின. ஏற்றத்தில் ஒரு பங்கு வகைப்பாடு மாறியதால் வந்தது. உங்கள் தாலுகாவில் எந்தெந்த ஊர் எந்த ஆண்டு கிராமப் பட்டியலிலிருந்து நகரப் பட்டியலுக்குத் தாவியது என்று குறித்துக்கொண்டு, அவற்றை இரு ஆண்டிலும் ஒரே பக்கம் வைத்து மறுபடி கூட்டுங்கள்.